மோட்டார் வண்டிகளுக்கு எத்தனை நாளைக்கு ஒரு சோதனை?



மஸ்ஜித் தானாவிலிருந்து அலோர் காஜாவுக்குப் போகும் சாலையோரத்தில் காலை நேரத்தில் சற்று நின்று பார்த்தால், நம் வாழ்க்கை முழுவதும் சக்கரங்களின்மேல் ஓடுவதைக் காணலாம். செம்பனைக் குலைகளைக் குவித்த லோரிகள் போகும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வேன்கள் போகும். தொழிற்சாலை பஸ்கள் போகும். இடையிடையே கணவன், மனைவி, நடுவில் குழந்தை என்று மோட்டார் சைக்கிள்கள் போகும். இவற்றுள் லோரியும் பஸ்ஸும் ஆறு மாதத்திற்கு ஒரு முறை சோதனைக் கூடத்திற்குப் போய் வர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆனால் சொந்த உபயோகத்திற்கு வைத்திருக்கும் காரையும் மோட்டார் சைக்கிளையும் இத்தனை மாதத்திற்கு ஒரு முறை கொண்டுவந்து காட்டு என்று சட்டம் கேட்டதில்லை. கார் கைமாறும் போதுதான் சோதனைச் சீட்டு வேண்டும்.

ஒரே சாலையில் ஓடும் வண்டிகளுக்குள் இந்த வேறுபாடு எப்படி வந்தது? மோட்டார் வண்டியை எத்தனை நாளைக்கு ஒரு முறை சோதிப்பது போதுமானது? இந்தக் கேள்விக்கு உலக நாடுகள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக விடை தேடி வருகின்றன. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மோட்டார் வண்டியின் கதை வேறு, தோட்டத்தின் கதை வேறு என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. 1888-ஆம் ஆண்டில் ஜான் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1896-இல், இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் ரப்பர் மரங்களைத் தோட்டமாக நட்டார். பின்னர் புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். மலாயாவில் வாணிபத்திற்காக ரப்பர் பயிரிட்டதன் தொடக்கம் இதுவே. 1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் மலிவு விலைக் கார் வெளிவந்தது. கார் பெருகியது, காருக்கு டயர் தேவைப்பட்டது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, ரப்பர் மரம் சீவ ஆள் தேவைப்பட்டது. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, உலகத்துச் சக்கரங்கள் உருண்டதற்கு நம் பாட்டன் பாட்டிமார் வடித்த பாலும் ஒரு துணை.

மோட்டார் தோட்டத்திற்குள் வந்தபோது முதலில் துரையின் காராக வந்தது. பின்னர் லோரியாக வந்தது. தோட்டத்து லோரி என்பது ஒரே வண்டியில் பல வண்டி. பால் ஏற்றும், அரிசி மூட்டை ஏற்றும், பந்தாட்டக் குழுவை ஏற்றும், மாசி மகம் வந்தால் செங்கிலுள்ள சன்னாசிமலைக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றும். ஏறுகிறவர்கள் யாரும் பிரேக்கைப் பார்த்து ஏறியதில்லை. பார்க்கவும் முடியாது. டிரைவரை நம்பி ஏறினார்கள். டிரைவர் லோரியை நம்பி ஓட்டினார்.

அரசாங்கச் சோதனை பிறந்தது இந்த இடத்தில்தான். பஸ்ஸில் சீட்டு வாங்கி ஏறுகிறவனால் அந்த பஸ்ஸின் அடியில் படுத்துப் பார்க்க முடியாது. அவன் பொருட்டு வேறொருவர் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பயணிகளை ஏற்றும் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்று விதித்தது. கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு முதல் சோதனை, சொந்த வண்டிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசை அந்தக் காலத்திலேயே தெரிகிறது. நம் நாட்டில் இன்றுள்ள வேறுபாட்டிலும் அதே எண்ணத்தைக் காணலாம்.

நம் நாட்டுச் சாலைப் போக்குவரத்து இலாகா 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் அமைக்கப்பட்டது. இன்று எல்லாரும் ஜே.பி.ஜே. என்கிறோம். வயதானவர்களுக்கு ஆர்.ஐ.எம்.வி. என்ற பழைய பெயர் நினைவிருக்கும். மோட்டார் வண்டிகளின் பதிவாளரும் பரிசோதகரும் என்பது அதன் பொருள். வண்டியைப் பதிவது மட்டும் போதாது, பரிசோதிக்கவும் வேண்டும் என்ற கருத்து அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது. 1958-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1987-ஆம் ஆண்டின் சட்டமும் இந்த அதிகாரத்தைத் தொடர்ந்து காத்தன.

ஆனால் பல்லாண்டுக் காலம் பரிசோதகருக்கு இருந்த பெரிய கருவிகள் அவருடைய கண்ணும் காதும் கையும்தான். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டச் சொல்வார். பிரேக் அடிக்கச் சொல்வார். விளக்கைப் போடச் சொல்வார். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். அனுபவமுள்ளவர் கண்ணுக்குப் பல குறைகள் தப்பாது. எனினும் இரண்டு பரிசோதகர்கள் ஒரே வண்டியைப் பார்த்து இரண்டு விதமாகச் சொல்லக் கூடும். அது மட்டுமன்று, மனிதர் பார்த்து மனிதர் எழுதும் சீட்டில் தயவுக்கும் இடமுண்டு, பணத்திற்கும் இடமுண்டு.

1994-இல் இந்த வேலை புஸ்பாகோம் என்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கணினி வழி வாகனச் சோதனை நிலையம் என்பது அந்த மலாய்ப் பெயரின் பொருள். அங்கே லோரி ஒரு வரிசையில் ஊர்ந்து செல்லும். முதலில் வண்டி எண்ணும் எஞ்சின் எண்ணும் சரிபார்க்கப்படும். பிறகு புகை அளக்கப்படும். சக்கரங்கள் நேராக ஓடுகின்றனவா, பக்கவாட்டில் இழுக்கின்றனவா என்று ஒரு தட்டு காட்டும். உருளைகளின்மேல் சக்கரத்தை நிறுத்திப் பிரேக் அடிக்கும்போது ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று கருவி காட்டும். கடைசியில் வண்டியின் அடிப்பகுதியை ஒருவர் கீழே குழியில் நின்று பார்ப்பார். முப்பது ஆண்டுக் காலம் இந்த ஒரே நிறுவனத்திடம் இருந்த உரிமை 2024 ஆகஸ்டு 31-ஆம் தேதி முடிவடைந்தது. அதன் பின் மற்ற நிறுவனங்களுக்கும் இத்துறையில் இடமளிப்பது என்று அரசாங்கம் முடிவு செய்தது.

ஏன் லோரிக்கும் பஸ்ஸுக்கும் ஆறு மாதம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லோரி நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் ஓடுகிறது, மாதத்தில் 25 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 7,500 கிலோமீட்டர். ஆறு மாதத்தில் 45,000 கிலோமீட்டர். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவரின் மோட்டார் சைக்கிள் நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓடினால், அதே ஆறு மாதத்தில், அதே கணக்கில், 3,000 கிலோமீட்டர்தான். நாட்காட்டியில் இரண்டுக்கும் ஆறு மாதம். தேய்மானத்திலோ ஒன்றுக்குப் பதினைந்து. இதனால்தான் 'எத்தனை மாதம்' என்று கேட்பதோடு 'எவ்வளவு தூரம், எவ்வளவு பாரம், யாரை ஏற்றி' என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி சொந்தக் கார்களின் கதையைப் பார்ப்போம். நியூசிலாந்து நாடு 1937-லேயே சொந்தக் கார்களுக்கும் கட்டாயச் சோதனையைக் கொண்டுவந்தது. அங்கே பல்லாண்டுக் காலம் ஆறு மாதத்திற்கு ஒரு முறை கார்கள் சோதனைக்குப் போயின. இங்கிலாந்து பொறுமையாக வந்தது. 1960 செப்டம்பர் 12-ஆம் நாள் அங்கே சொந்தக் கார்களுக்குச் சோதனை தொடங்கியது. முதலில் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளுக்கு மட்டுமே. பார்த்தவையும் மூன்றே மூன்று: பிரேக், விளக்கு, ஸ்டியரிங். அதற்குக் கட்டணம் 14 ஷில்லிங், சான்றுக்கு மேலும் ஒரு ஷில்லிங்.

சோதனை தொடங்கியதும் தேறாத வண்டிகள் ஏராளம் என்று தெரிந்தது. யாரும் அடியில் பார்க்காத வரை எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பார்க்கத் தொடங்கிய பிறகுதான் உண்மை வெளிவந்தது. பத்து ஆண்டு என்பது அடுத்த ஆண்டே ஏழாகக் குறைக்கப்பட்டது. 1967-இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. மூன்று வயதாகிவிட்டால் ஆண்டுக்கு ஒரு முறை சோதனை என்பது அங்கே நிலைத்துவிட்டது. அண்மைக் காலத்தில் அதை நான்கு ஆண்டாக்கலாமா என்று அரசாங்கம் இரு முறை ஆலோசித்தது. 2018-லும் வேண்டாம் என்று முடிவாயிற்று. 2024-லும் வேண்டாம் என்று முடிவாயிற்று.

ஜப்பானில் புதிய காருக்கு மூன்று ஆண்டு கழித்து முதல் சோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பக்கத்திலுள்ள சிங்கப்பூரில் மூன்று வயது வரை காருக்குச் சோதனை இல்லை. பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேல் ஆண்டுதோறும். வயது ஏற ஏற மருத்துவரை அடிக்கடி பார்ப்பது போன்ற ஏற்பாடு இது.

ஆனால் வரலாறு ஒரே திசையில் போகவில்லை. நியூசிலாந்து 2014-இல், 2000-ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பதிவான கார்களுக்கு ஆறு மாதத்தை ஓர் ஆண்டாகத் தளர்த்தியது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 2010-இல் சொந்தக் கார்களுக்கான பாதுகாப்புச் சோதனையை நிறுத்தியது. டெக்சாஸ் மாநிலம் 2025 ஜனவரி 1-ஆம் நாள் முதல் அதையே செய்தது. இப்போதைய கார்கள் முன்பு போல எளிதில் பழுதாவதில்லை, மக்களுக்கு வீண் செலவு, வீண் அலைச்சல் என்பது இவ்வாறு தளர்த்துவோர் கூறும் வாதம்.

இந்த வாதத்திற்கு ஆதாரம் உண்டா? நார்வே நாட்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஏறக்குறைய 2,04,000 கார்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவு மூன்று ஆண்டில் ஒரே ஒரு முறை சோதிக்கப்பட்டது. மூன்றாம் பிரிவு சோதிக்கப்படவே இல்லை. 1992-இல் முடிவு வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட கார்களின் நிலை நன்றாக இருந்தது. ஆனால் விபத்து எண்ணிக்கையில் மூன்று பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

இதைக் கேட்டதும், அப்படியானால் சோதனையே வேண்டாம் என்று சிலர் சொல்லக் கூடும். அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வு சொந்தக் கார்களைப் பற்றியது. குளிர் நாட்டில், வண்டியைப் பழுது பார்க்க வசதியுள்ள மக்களிடம் நடத்தப்பட்டது. நாளெல்லாம் பாரம் சுமக்கும் லோரிக்கும், நாற்பது பேரை ஏற்றும் பஸ்ஸுக்கும் அதைப் பொருத்திச் சொல்ல முடியாது. விபத்துகளில் மிகப் பல ஓட்டுநரின் வேகத்தாலும் களைப்பாலும் கவனக் குறைவாலும் நேர்கின்றன என்பதையும், சோதனைக் கூடம் அவற்றைத் திருத்த முடியாது என்பதையும் அந்த ஆய்வு நமக்கு நினைவூட்டுகிறது. அந்த அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி ஒரு முறை பெரிதாக எழுந்தது. 2009 அக்டோபர் மாத இறுதியில் தேசிய மோட்டார் வாகனக் கொள்கையில் சில மாற்றங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகள் சாலை வரியைப் புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும் என்பது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. நவம்பர் தொடக்கத்திலேயே அரசாங்கம் அதைக் கைவிட்டது.

ஏன் அந்த எதிர்ப்பு? பதினைந்து ஆண்டு வண்டியை யார் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் வாய்க்கும் வயிற்றுக்கும் போக மிச்சம் பிடித்து, மூன்றாவது கையிலோ நான்காவது கையிலோ வாங்கியவர்கள்தாம் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போக அவசரத்திற்கு உதவுவது அந்தப் பழைய கார்தான். சோதனைக் கட்டணம், ஒரு நாள் சம்பள இழப்பு, தேறாவிட்டால் பழுது பார்க்கும் செலவு, மறுபடியும் ஒரு நாள் என்றால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? இது நியாயமான கவலை.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரேக் பிடிக்காத பழைய காரில் போகிறவரும் அதே ஏழைத் தொழிலாளிதான். அவர் மனைவி மக்கள்தாம். செலவை மிச்சப்படுத்தியதாக நினைத்து உயிரைக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? ஆகவே 2009-இல் அத்திட்டம் கைவிடப்பட்டதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஏழைக்குச் சுமையாகாமல் ஏழையின் உயிரைக் காப்பது எப்படி என்ற வடிவில் அது இன்னும் நம்முன் நிற்கிறது.

இனி ஆறு மாதச் சோதனைக்கு உட்பட்ட பெரிய வண்டிகளுக்கு வருவோம். சோதனை இருந்தும் ஆபத்து நீங்கிவிட்டதா? 2024 டிசம்பர் 23-ஆம் நாள் இரவு, நம் மலாக்கா மாநிலத்தின் ஆயர் குரோவுக்கு அருகில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் 204-ஆவது கிலோமீட்டரில் ஒரு பெரிய விபத்து நடந்தது. ஒரு லோரியிலிருந்து கழன்ற சக்கரம் சாலையில் கிடந்தது என்றும், சுற்றுலா பஸ் ஒன்று அதன்மேல் மோதித் தடம் மாறி எதிரே வந்த வண்டியோடு மோதியது என்றும் அதிகாரிகள் தெரிவித்தனர். ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

ஒரு சக்கரம் ஏன் கழல்கிறது? டயர் மாற்றிய பின் நட்டுகளை இறுக்குகிறார்கள். வண்டி சிறிது தூரம் ஓடியதும் அதிர்ச்சியிலும் சூட்டிலும் அவை சற்றுத் தளரும். அதனால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது பட்டறைக்காரர் எல்லாரும் அறிந்த விதி. அச்சின் தாங்கி தேய்ந்திருந்தாலும் சக்கரம் போகும். ஜனவரியில் சோதனைக் கூடத்தில் தேறிய லோரிக்கு மார்ச்சில் டயர் மாற்றினால், அந்த நட்டை அடுத்த சோதனைக்காக ஜூலை வரை காத்திருக்க வைக்க முடியுமா? அதை இறுக்க வேண்டியவர் அந்தப் பட்டறையில், அந்த வாரத்தில் இருக்கிறார்.

பிரேக்கும் அப்படியே. நீண்ட இறக்கத்தில் பாரத்தோடு வரும் லோரி விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அதன் உட்பகுதி காய்ந்து பிடிப்பை இழக்கும். சோதனைக் கூடத்தில் வெறும் வண்டியாக நன்றாகப் பிடித்த பிரேக், அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு இறக்கத்தில் பிடிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2025-ஆம் ஆண்டில் மே மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் படையினர் ஒன்பது பேரும், ஜூன் மாதம் கிரிக்கில் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிய பஸ் கவிழ்ந்து பதினைந்து பேரும் மாண்டார்கள். அதன் பின்னர் கனரக வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை 2025 அக்டோபர் முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்க அரசாங்கம் முனைந்தது. சோதனைக் கூடத்து வேலையைச் சாலையிலும் தொடர வேண்டும் என்பதை உணர்ந்த ஏற்பாடு இது.

சோதனைச் சீட்டு ஒன்றே போதுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி வேதனையான விடை தருகிறது. 2012 ஜூலை 25-ஆம் நாள், சென்னைக்கு அருகே தாம்பரம் வட்டாரத்தில், பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, அந்த பஸ்ஸின் சக்கரத்திலேயே சிக்கி இறந்தாள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. இந்தியச் சட்டப்படி வாடகை வண்டிகளுக்கும் பள்ளி பஸ்களுக்கும் காலமுறைச் சோதனை உண்டு. அதாவது விதி இருந்தது, சீட்டு இருந்தது, முத்திரையும் இருந்தது. தரைதான் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் யாரும் வழக்குத் தொடுக்கும் வரை காத்திராமல் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகள் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டன. அதன்பின் ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன், போக்குவரத்து அதிகாரி, போலீஸ், கல்வி, வருவாய் அதிகாரிகள் ஒன்றாக நின்று பள்ளி பஸ்களைப் பார்வையிடுகிறார்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது நால்வர் கண்ணுக்குத் தப்பாது என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. ஆனால் அந்த ஓட்டையைப் பற்றி ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதை அதிகாரிதான் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. தினமும் பஸ்ஸைக் கூட்டுகிறவர் கண்ணில் படும் இடத்தில் அது இருந்தது. ஏறி இறங்கும் பிள்ளைகளின் காலடியில் இருந்தது.

வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். சோதனைச் சீட்டு, அது எழுதப்பட்ட நாளுக்கு மட்டுமே சாட்சி. ஆறு மாதமோ ஓர் ஆண்டோ, சட்டம் எந்தக் கெடுவை வைத்தாலும், இரண்டு சோதனைகளுக்கு இடையில் உள்ள நாட்களை யாராவது ஒருவர் காக்க வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்காமல் யாரும் மலையில் இறங்குவதில்லை. நேற்று வந்தவன் இன்றும் வந்திருப்பான் என்று கிராணி எழுதிக்கொள்வதில்லை. அன்றன்றைக்கு ஆள் நிற்க வேண்டும். வண்டிக்கும் அன்றாடம் ஒரு பெரட்டு வேண்டும். ஆறு மாதச் சோதனை என்பது அந்தப் பெரட்டு ஒழுங்காக நடக்கிறதா என்று மேலிருந்து வந்து பார்க்கும் ஏற்பாடு.

அப்படியானால் எத்தனை நாளைக்கு ஒரு முறை? லோரி, பஸ், பள்ளி வேன் ஆகியவற்றுக்கு ஆறு மாதம் என்பதைத் தளர்த்தக் கூடாது. ஓடிய தூரம் மிகுதியானால் அதற்கு முன்னரே பார்க்க வேண்டும்; சொல்லாமல் வந்து பார்க்கும் திடீர்ச் சோதனையும் வேண்டும். சொந்தக் கார்களுக்கு இங்கிலாந்தும் சிங்கப்பூரும் காட்டிய வழியில் வயதைப் பார்த்து முறை வைப்பதே நியாயம். ஆனால் அதைக் கொண்டுவரும் நாளில் கட்டணம் ஒரு தொழிலாளியின் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். சோதனை நடக்கும் இடம் அவர் காலுக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். 1960-இல் இங்கிலாந்து செய்தது போலப் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் என்று உயிருக்கு உலை வைக்கும் குறைகளோடு தொடங்கினால் போதும். கதவில் துருப்பிடித்திருப்பதற்காக ஒரு குடும்பத்தின் காரை நிறுத்த வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. 1973-இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1992-இல் பகலிலும் விளக்கைப் போட்டு ஓட்ட வேண்டும் என்று விதி வந்தது. இரண்டும் பல உயிர்களைக் காத்த விதிகள். ஆனால் மோட்டார் சைக்கிளின் டயரையும் பிரேக்கையும் பார்ப்பதற்குக் காலமுறைச் சோதனை எதுவும் வரவில்லை. அந்த வேலை வீட்டிலுள்ளவர்கள் கையில் விடப்பட்டிருக்கிறது.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், வேலை இல்லாத பொழுதில், பத்து நிமிடம் போதும். டயரின் பள்ளங்கள் மழுங்கிவிட்டனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். மழை நாளில் சாலையைப் பிடிப்பது அந்தப் பள்ளங்கள்தாம். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது பின் விளக்கு எரிகிறதா என்று வீட்டிலுள்ள பிள்ளையைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலி தொங்குகிறதா என்று பாருங்கள். குறை தெரிந்தால், சம்பள நாள் வரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் ஏறும் வேனைத் தினமும் பார்ப்பவர்கள் நீங்கள். டயர் வழுக்கையாக இருந்தாலும், கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும், தரை ஆடினாலும், ஓட்டுநரிடம் கேளுங்கள். "என்னங்க தம்பி, இந்த வண்டியை எப்பொழுது சோதனைக்குக் கொண்டுபோனீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல ஓட்டுநர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அதே வண்டிதான்; அவரும் அதில்தான் போகிறார். அதுபோலவே வேலைக்கு ஆள் ஏற்றும் லோரியில் குறை கண்டால் தொழிலாளர்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு. பத்துப் பேர் சொன்னால் விண்ணப்பம்.

சட்டம் ஆண்டுக்கு இரு முறை வண்டியைக் கூப்பிடும். மற்ற நாட்களில் அந்த வண்டியைப் பார்க்கும் கண்கள் நம்முடையவை.